வேகம் படிக்க ஃபைஃபாக்ஸ்: எந்தச் சோதனைக்குத் திசை தெரியும், எதற்குத் தெரியாது

போனுக்குள் முடுக்கமானி இருக்கிறது, சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் இருக்கிறது, காந்தமானி, மைக், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. வேகமானி என்று ஒன்று மட்டும் கிடையாது. அதனால் போனை வைத்து வேகத்தை அளக்கிறேன் என்று எந்தச் செயலி சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதை அளந்து அதிலிருந்து வேகத்தைக் கணக்குப் போடுகிறாய்? ஃபைஃபாக்ஸ் இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும் செயலி. ஏழாம் வகுப்பில் வேகம், திசையும் சேர்ந்த திசைவேகம் என்று அறிமுகமாகி ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளாக வந்து நிற்கும் பாடத்துக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கருவி இல்லை, விலையே இல்லையே.

ஜெர்மனியின் ஆஹென் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் உருவாகி 2016இல் வெளிவந்தது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வதும் கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. திறந்தவுடன் ஒரு நீளப் பட்டியல் வரும். மேலே வெறும் சென்சார்கள், கீழே அவற்றைக் கொண்டு கட்டிய சோதனைகள். போனில் இல்லாத சென்சார் தேவைப்படும் வரி மங்கலாகத் தெரியும். சோதனைப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் ஒலியிலேயே இங்கே எழுதியிருக்கிறது, தேடிப் பிடிக்க வசதியாக.

முதலில் எதைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. பட்டியலின் உச்சியில் இருப்பது ஆக்ஸிலரேஷன். பெரும்பாலானவர்கள் அதைத்தான் தொடுவார்கள், போனை ஆட்டுவார்கள், கோடு குதிக்கும், கைதட்டல் கிடைக்கும். வேகம் பற்றி ஒரு சொட்டும் புரியாது. சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலிலும் மேசைமேல் சும்மா கிடக்கும்போதும் முடுக்கமானி காட்டுவது ஒன்றையே. வேகம் மாறினால்தான் அதற்குத் தெரியும். சரி, முடுக்கத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் திசைவேகம் வந்துவிடாதா என்று புத்திசாலி மாணவர் கேட்பார். கணக்கு சரி, சென்சார் சரியில்லை. போன் முடுக்கமானியில் 0.05 மீ/வி² அளவுக்கு நிலையான பிழை இருப்பது சாதாரணம். அந்தப் பிழையை 60 விநாடி கூட்டினால் மேசைமேல் அசையாமல் கிடக்கும் போன் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறதாம், 90 மீட்டர் நகர்ந்தும் விட்டதாம். இதையே ஒரு சோதனையாக வைக்கலாம். வேகத்தை அறிமுகம் செய்யும் வகுப்பில் வேண்டாம், முடுக்கம் படித்து முடித்த பிறகு வைக்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச். ஒரு சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும், அவ்வளவுதான். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில் விரலின் தாமதம் மட்டுமே 0.2 விநாடி வரும். 2 மீட்டர் தூரத்தை ஒன்றரை விநாடியில் உருண்டு கடக்கும் பந்துக்கு அது 13 சதவீதப் பிழை. இங்கே மைக் விநாடிக்கு 48,000 முறை ஒலியைப் பதிவு செய்வதால் கடிகாரத்தின் பக்கமிருந்து வரும் பிழை மில்லிவிநாடிக்கும் கீழே. மிச்சப் பிழையெல்லாம் நாம் சோதனையை அமைத்த விதத்தில்தான்.

இரண்டு எண்களை மட்டும் கவனித்து வைக்க வேண்டும். ஒன்று திரெஷோல்டு, எவ்வளவு சத்தத்துக்கு மேல் போனால் சத்தமாகக் கணக்கில் எடுப்பது என்பது. ஆரம்பத்தில் 0.1 என்று இருக்கும். ஃபேன் ஓடும் வகுப்பறையில் அது போதாது, தொட்டதற்கெல்லாம் ஓடும். ஒலியை அலையாக வரையும் ஆடியோ ஸ்கோப்பைத் திறந்து அறையின் இரைச்சல் எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்த்து, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வையுங்கள். வழக்கமாக 0.3, 0.4 போதும். இன்னொன்று மினிமம் டிலே. முதல் சத்தத்தின் எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திவிடாமல் காப்பது அது. அளக்கப்போகும் நேரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் சிக்கலில்லை.

இதை வைத்துச் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை கோலிக்குண்டு விழுவது. மேசை, அலமாரி எதுவானாலும் தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் ஒரு விளிம்பு வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை விளிம்புக்கு வெளியே 5 சென்டிமீட்டர் நீட்டி, அதன் முனையில் கோலியை வையுங்கள். கீழே எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பென்சிலால் ஸ்கேலின் பக்கவாட்டில் சுள்ளென்று ஒரு அடி. அந்த 'டக்' சத்தத்தில் கடிகாரம் ஓடும். ஸ்கேல் சட்டென விலக, கோலி நேராக விழுந்து தட்டில் 'டங்' என்னும். போனைத் தரைக்கும் மேசைக்கும் நடு உயரத்தில் ஒரு நாற்காலிமேல் வைத்தால் இரண்டு சத்தமும் ஏறக்குறைய சமதூரத்திலிருந்து வரும், ஒலி வந்துசேரும் தாமதம் அடிபட்டுப்போகும். மறக்கக் கூடாதது, ஸ்கேலை ஒரு நூலால் மேசைக்காலில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அதுவும் கோலியோடு ஒரே நேரத்தில் தரைக்கு வந்து எந்தச் சத்தம் எதனுடையது என்று குழப்பும்.

கணக்குப்படி 0.505 விநாடி வர வேண்டும். 0.49க்கும் 0.52க்கும் நடுவில் வந்தால் அமைப்பு ஒழுங்கு. 10 மில்லிவிநாடி பிசகினால் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பில் 4 சதவீதம் பிசகும், நேரம் அங்கே வர்க்கமாக வருவதால். இப்போது மாணவர்களிடம் கேளுங்கள், தரையைத் தொடும்போது கோலியின் வேகம் என்ன? பத்தில் எட்டுப் பேர் 1.25ஐ 0.505ஆல் வகுத்து 2.48 என்பார்கள். அது மொத்தப் பயணத்தின் சராசரி. தட்டைத் தொடும் அந்தக் கணத்தில் வேகம் 4.95 மீ/வி, சரியாக இரட்டிப்பு. சராசரி வேகத்துக்கும் கணநேர வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரைப் பக்க வரையறையைவிட இந்த 'டக், டங்' நன்றாகச் சொல்லிவிடும். சீராகக் கூடும் வேகம் என்பதால்தான் சராசரி சரிபாதியாக வருகிறது, எல்லா இயக்கத்துக்கும் அப்படி வராது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இதே கடிகாரத்தில் ஒலியின் வேகத்தையும் பிடிக்கலாம். இரண்டு போன், இரண்டு பேர், நடுவில் டேப் வைத்து அளந்த 10 மீட்டர். இரண்டு போனிலும் கடிகாரத்தைத் தயாராக வைத்துவிட்டு முதலாமவர் தன் போனருகே கைதட்டுகிறார். இரண்டு விநாடி கழித்து மற்றவர் தன் போனருகே தட்டுகிறார். முதல் போனில் வரும் நேரம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், இரண்டாவதில் கொஞ்சம் குறைவாக. வித்தியாசம், ஒலி 10 மீட்டரைப் போய்வர எடுத்த நேரம். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 349 மீ/வி, ஆக 20ஐ 349ஆல் வகுத்தால் 57 மில்லிவிநாடி. இரண்டு போனின் கடிகாரத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யத் தேவையே இல்லாத அழகான முறை இது. பிசகுவது எங்கே என்றால் தூரத்திலிருந்து வரும் தட்டல் மெலிந்து வந்து திரெஷோல்டைத் தாமதமாகத் தாண்டும். ஒரு மில்லிவிநாடி தாமதம் என்றாலே 2 சதவீதம். கையைக் குவித்துத் தட்டாமல் இரண்டு மரக்கட்டைகளை அடித்தால் கூர்மையான சத்தம் வரும், பிழை குறையும். சுவரோரம் வேண்டாம், மைதானத்தில் செய்யுங்கள்.

ஆனால் இந்தக் கடிகாரத்துக்குத் திசை தெரியாது. இரண்டு சத்தங்களுக்கு நடுவில் பந்து கிழக்கே போனதா, போய்த் திரும்பி வந்ததா என்று அதனிடம் கேட்க முடியாது. அது தருவது வேகம் மட்டுமே. திசைவேகம் என்று சொல்ல வேண்டுமானால் திசையை நாம் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மேக்னெட்டிக் ரூலர். பழைய ஆய்வகங்களில் டிக்கர் டைமர் இருக்கும், காகித நாடாவில் விநாடிக்கு 50 புள்ளி குத்தும், கார்பன் தாள் தேய்ந்து பாதிப் புள்ளி விழாது. அதன் இடத்தை இது பிடிக்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. டிக்கரில் நேர இடைவெளி நிலையானது, தூரத்தை அளப்போம். இங்கே தூர இடைவெளி நிலையானது, நேரத்தைப் போன் அளக்கும். 120 சென்டிமீட்டர் மரப்பலகை ஒன்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்ன வட்டக் காந்தங்களைச் செல்லோடேப்பால் ஒட்டுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே முனை மேலே பார்க்கும்படி. ஒன்று தலைகீழாக ஒட்டினாலும் அந்த இடத்தில் உச்சிக்குப் பதில் பள்ளம் விழுந்து எண்ணிக்கை பிசகும். பொம்மைக் காரின் முதுகில் போனை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், காரின் சக்கரங்கள் காந்த வரிசைக்கு இருபுறமும் ஓட வேண்டும். செயலியில் காந்தங்களுக்கு இடையிலான தூரத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கிக் காரை விட்டால், தூரம் - நேரம் வரைபடமும் வேகம் - நேரம் வரைபடமும் கண்ணெதிரே வளரும்.

இதில்தான் பொறுமை வேண்டும். போனில் காந்தமானி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேக்னெட்டோமீட்டரைத் திறந்து வைத்து ஒரு குண்டூசியைப் போன்மேல் மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் எண் எகிறும், பெரும்பாலும் மேல்பாதியில். அந்த இடம் காந்த வரிசைக்கு நேர்மேலே வர வேண்டும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் 3 சென்டிமீட்டர் உயரம் என்றால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உச்சிகள் தனித்தனியே நிற்கும். 4 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டினால் ஒன்றோடொன்று கரைந்து மேடு பள்ளமே தெரியாது. இரும்பு மேசைமேல் பலகையை வைக்காதீர்கள், காந்த மூடி வைத்த போன் உறையைக் கழற்றிவிடுங்கள். சோதனை முடிந்ததும் போனின் திசைகாட்டி தடுமாறும். கையில் பிடித்து எட்டுப் போட்டாற்போல் சுழற்றினால் சரியாகிவிடும். கார் எவ்வளவு வேகம் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. காந்தமானி பல போன்களில் விநாடிக்கு 50 அல்லது 100 முறைதான் படிக்கும். கார் 1 மீ/வி போனால் ஒரு காந்தத்திலிருந்து அடுத்ததற்கு 0.1 விநாடி, அதற்குள் 5 படிப்புகள் கிடைத்தால் உச்சியைப் பிடிப்பதே அதிர்ஷ்டம். பலகையைக் கொஞ்சமாகச் சாய்த்து வையுங்கள், ஒரு முனையை 6, 7 சென்டிமீட்டர் தூக்கினால் போதும்.

அந்தச் சரிவில் முடுக்கம் 0.5 மீ/வி² என்று வைத்துக்கொண்டால், முதல் காந்தத்தின்மேல் ஓய்விலிருந்து கிளம்பும் கார் அடுத்தடுத்த காந்தங்களைத் தாண்டும் நேரம் 0.632, 0.894, 1.095, 1.265, 1.414 விநாடி. இடைவெளிகள் 0.632, 0.262, 0.201, 0.170, 0.149 எனச் சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொன்றாலும் 0.1 மீட்டரை வகுத்தால் வேகம் 0.158, 0.382, 0.498, 0.588, 0.671. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 0.382 என்பது எந்த நேரத்துக்குரிய வேகம் என்று கேளுங்கள். 0.894இல் என்று எழுதினால் நேர்கோடு முதல் புள்ளியிலேயே தடம் புரளும். அது இடைவெளியின் நடுநேரமான 0.763க்கு உரியது. 0.763ஐ 0.5ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.382 வரும். சீரான முடுக்கத்தில் ஓர் இடைவெளியின் சராசரி வேகம் அதன் நடுநேரத்துக் கணநேர வேகத்துக்குச் சமம். நோட்டில் வரைபடம் போடுபவர்கள் தரவை எக்ஸெலாகவோ சிஎஸ்வியாகவோ ஏற்றுமதி செய்து இப்படி நடுநேரத்தில் புள்ளி வைத்தால் நூல் பிடித்தாற்போல் கோடு வரும்.

இதற்கும் திசை தெரியாது, இதைக் காட்டவும் வேண்டும். காரைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளிவிடுங்கள், ஏறி நின்று திரும்பி இறங்கட்டும். காந்த உச்சிகளை எண்ணும் முறைக்கு முன்னே பின்னே கிடையாது. கார் புறப்பட்ட இடத்துக்கே வந்தபிறகும் தூரம் ஏறிக்கொண்டே போகும். பாதிப் பலகை ஏறித் திரும்பினால் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோட்டில் உள்ள தொலைவு, பூஜ்யம்; தூரம் 1.2 மீட்டர். தூரத்தையும் இடப்பெயர்ச்சியையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல 'குறை' கிடைக்காது.

ஜிபிஎஸ் வேலை செய்யும் லொகேஷன் சோதனைக்கு வருவோம். வெளியே போக வேண்டும், வானம் தெரிய வேண்டும், முதல் ஒரு நிமிடம் போனை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். கிடைமட்டத் துல்லியம் 5 மீட்டருக்குள் வந்த பிறகு தொடங்குங்கள். விநாடிக்கு ஒரு முறைதான் எண் வரும் என்பதால் உருளும் பந்துக்கு இது ஆகாது, நடக்கும் மனிதருக்கும் பேருந்துக்கும் ஆகும்.

ஏற்றுமதி செய்த அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்பு வெலாசிட்டி, அதற்கடுத்தது டைரக்ஷன். இங்கே செயலியின்மேல் ஒரு புகார் உண்டு. முதல் பத்தியில் இருப்பது எப்போதும் நேர்மறை எண், வடக்கே போனாலும் தெற்கே போனாலும். அது வேகம். அதோடு டைரக்ஷன் பத்தியில் உள்ள கோணத்தையும் சேர்த்துப் படித்தால்தான் திசைவேகம். பாடத்தில் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததைத் தலைப்பு ஒரே சொல்லில் ஒட்டிவிடுகிறது. தமிழில் இந்தக் குழப்பம் வேறு விதமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம், திசைவேகம், முடுக்கம். இலங்கைப் பாடநூலில் இவையே கதி, வேகம், ஆர்முடுகல். அங்கே வேகம் என்றால் திசையும் சேர்ந்தது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே காணொளியைப் பார்த்துப் படிக்கும் காலத்தில் இதைச் சொல்லிவைக்காவிட்டால் ஒருவருக்குச் சரியான விடை மற்றவருக்குத் தப்பாகும்.

செய்ய வேண்டிய நடை இது. திறந்த மைதானத்தில் கிழக்கே 60 மீட்டர் நடந்து, செங்குத்தாகத் திரும்பி வடக்கே 80 மீட்டர். மொத்தம் 100 விநாடியில் முடித்தால், தூரம் 140 மீட்டர், சராசரி வேகம் 1.4 மீ/வி. இடப்பெயர்ச்சி 100 மீட்டர், கிழக்கிலிருந்து வடக்காக 53 டிகிரி. சராசரி திசைவேகம் 1.0 மீ/வி, அந்தத் திசையில். இப்போது சிஎஸ்வியைத் திறந்து முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எடுங்கள். அட்சரேகை வித்தியாசத்தை 1,11,000ஆல் பெருக்கினால் வடக்கே போன மீட்டர் கிடைக்கும். தீர்க்கரேகை வித்தியாசத்தைத் தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் 1,09,000ஆல் பெருக்கினால் கிழக்கே போன மீட்டர். 80 மீட்டருக்கு 0.00072 டிகிரி, 60 மீட்டருக்கு 0.00055 டிகிரி வரும். ஐந்தாவது தசம இடம் என்பது ஒரு மீட்டர்தான், ஆகையால் எண்களைச் சுருக்கிவிடாதீர்கள். எக்ஸெல் திரையில் பத்தி குறுகலாக இருந்தால் இரண்டு தசமத்தோடு காட்டும், அதைப் பார்த்து நகலெடுத்து இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று எழுதுபவர்கள் நிறைய.

பள்ளிக்குப் பக்கத்தில் 400 மீட்டர் ஓடுதளம் இருந்தால் இன்னும் விசேஷம். உள்தடத்தில் அரைச் சுற்று ஓடினால் தூரம் 200 மீட்டர், கிளம்பிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நேர்கோட்டில் 112 மீட்டர்தான். முழுச் சுற்றுக்குச் சராசரி திசைவேகம் பூஜ்யம். வேர்த்து விறுவிறுத்து வந்த பிள்ளையிடம் உன் திசைவேகம் பூஜ்யம் என்றால் கோபம் வரும், பாடம் மறக்காது.

ஜிபிஎஸ்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். இருப்பிடப் புள்ளிகள் சில மீட்டர் அங்குமிங்கும் அலையும். அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தையெல்லாம் கூட்டினால் நின்ற இடத்திலேயே பல மீட்டர் நடந்ததாகக் கணக்கு வரும். ஆனால் வேகப் பத்தி ஏறக்குறைய பூஜ்யத்திலேயே இருக்கும். காரணம், பெரும்பாலான ஜிபிஎஸ் சில்லுகள் வேகத்தை இருப்பிட வித்தியாசத்திலிருந்து எடுப்பதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து தனியே எடுக்கின்றன. எனவே வேகம் வேண்டுமானால் அந்தப் பத்தியை நம்புங்கள், இருப்பிடங்களைக் கழித்து வகுக்காதீர்கள். பேருந்தில் சன்னலோர இருக்கையில் வைத்துப் பார்க்கும்போது ஓட்டுநரின் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். வண்டி மீட்டர்கள் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே சற்றுக் கூட்டி வைக்கப்படுகின்றன. செயலி மீ/வி தரும், 3.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு.

குறி காட்டும் சோதனைகள், அதாவது முன்னே போனால் கூட்டல், பின்னே வந்தால் கழித்தல் என்று சொல்லத் தெரிந்தவை, இனிதான் வருகின்றன. டாப்ளர் எஃபெக்ட் இவற்றில் முதன்மை. ஒரு போனில் டோன் ஜெனரேட்டரைத் திறந்து 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்க விடுங்கள். மேசைமேல் இன்னொரு போன் கேட்டுக்கொண்டிருக்கட்டும், அதில் அதே அதிர்வெண்ணையும் ஒலியின் வேகத்தையும் கொடுங்கள். ஒலிக்கும் போனை அதை நோக்கி 1 மீ/வி வேகத்தில் நீட்டினால் 8.6 ஹெர்ட்ஸ் கூடும், இழுத்தால் அதே அளவு குறையும், வரைபடம் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். வேகம் இரண்டு முறையும் ஒன்று, திசைவேகம் எதிரெதிர். ஒலியின் வேகத்துக்கு 331ஓடு வெப்பநிலையின் 0.6 மடங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுவருக்குப் பக்கத்தில் செய்தால் எதிரொலியின் அதிர்வெண்ணும் கலந்து கோடு நடுங்கும். 3000 ஹெர்ட்ஸ் ஒலி நாற்பது பேர் வகுப்பில் பத்து நிமிடம் ஓடினால் தலைவலி நிச்சயம், அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் போனைச் செருகி உருட்டும் ரோல் சோதனைக்கு ஜைரோஸ்கோப் வேண்டும். கோணவேகத்தை ஆரத்தால் பெருக்கினால் உருளும் வேகம். ஆரத்தை ஸ்கேலால் அளக்காதீர்கள். நூலைக் குழாயின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை 6.28ஆல் வகுங்கள். போன் நடுவில் அசையாமல் இருக்கத் துணியை அடைக்க வேண்டும், ஒரு பக்கம் கனத்தால் குழாய் விட்டுவிட்டு உருளும். 5 சென்டிமீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 1.7 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். பெரும்பாலான போன் ஜைரோக்கள் விநாடிக்கு 2000 டிகிரிக்கு மேல் அளப்பதில்லை, வரைபடம் உச்சியில் வெட்டினாற்போல் தட்டையாகும். குறியும் வேண்டுமென்றால் வெறும் ஜைரோஸ்கோப் பக்கத்தைத் திறந்து, போனின் நீளவாக்கு அச்சைப் பாருங்கள். எதிர்ப்பக்கம் உருட்டினால் கோடு கீழே போகும்.

எலிவேட்டர் சோதனை காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும், அதிலிருந்து லிஃப்டின் திசைவேகத்தையும் தருகிறது. பார்க்க அருமையாக இருக்கும். ஏறும்போது கூட்டல், இறங்கும்போது கழித்தல், நடுவில் சமதளமாக ஒரு நீட்சி, அதுதான் சீரான திசைவேகம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் அழுத்தம் மூன்றில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவுதான் மாறும் என்பதால் லிஃப்டின் மின்விசிறியே கோட்டைக் கலைக்கப் போதும். அழுத்தமானி விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்காது.

ப்ராக்ஸிமிட்டி ஸ்டாப்வாட்சை, ஒளிக்கற்றை மறையும் நேரத்தை அளக்கும் ஃபோட்டோகேட் போல அட்டை கடக்கும் நேரம் அளக்கப் பயன்படுத்தலாம் என்று ஆசை வரும். காதருகே இருக்கும் அந்த சென்சார் அழைப்பின்போது திரையை அணைக்கவே வைத்தது, வேகத்துக்கு வைத்ததல்ல. சில புதிய போன்களில் அப்படியொரு சென்சாரே இல்லை, வேறு குறிப்புகளை வைத்து இருப்பதாகப் பாவனை செய்யும். விட்டுவிடுங்கள். ஆப்டிகல் ஸ்டாப்வாட்சுக்கும் இதே தீர்ப்பு, ஒளி சென்சார் ரொம்ப மெதுவு.

வகுப்பில் எல்லாருக்கும் காட்ட ரிமோட் ஆக்ஸஸ் இருக்கிறது. சோதனைப் பக்கத்தின் மெனுவில் அதை இயக்கினால் ஒரு முகவரி காட்டும், அதை மடிக்கணினியின் பிரவுசரில் தட்டினால் வரைபடம் புரொஜெக்டரில் ஓடும், தொடக்கமும் நிறுத்தமும் அங்கிருந்தே செய்யலாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பள்ளி வைஃபை பல இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க விடாமல் பூட்டியிருப்பார்கள், பக்கம் திறக்கவே திறக்காது. போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியை அதில் இணைத்தால் தீர்ந்தது. இணைய டேட்டா அணைந்திருந்தாலும் வேலை செய்யும். போன் காரின் முதுகிலோ குழாய்க்குள்ளோ இருக்கும்போது பொத்தானை அழுத்த ஏறக்குறைய இது ஒன்றே வழி. இல்லாவிட்டால் டைம்டு ரன்னில் 5 விநாடி தாமதம், 10 விநாடி ஓட்டம் என்று வைத்துவிட்டுச் செருகுங்கள்.

ஒருநாள் முன்பே மாணவர்கள் கொண்டுவரும் போன்களில் செயலியை ஏற்றி, எந்தெந்த வரி மங்கலாக இருக்கிறது என்று பார்த்துக் குழு பிரிப்பது நல்லது. ஜைரோ இருக்கும் போன் குழாய்க் குழுவுக்கு, காந்தமானி இருப்பது பலகைக் குழுவுக்கு. எதுவும் இல்லாத பழைய போனிலும் மைக் இருக்கும், அதைக் கோலிக்குண்டுக்குக் கொடுங்கள்.